ஈரத்துணிக்கு ஒரு பை

தென்காசிப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. ஆனி பிறந்து, மலையில் மேகம் இறங்கி, நாலு தூறல் விழுந்தால் போதும். எங்கேயோ இருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கும் அவருடைய சம்பந்திக்கும் நம் மேல் பாசம் பொங்கிவிடும். "அருவில தண்ணி விழுதா?" என்று போன் வரும். விழுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் மறுநாள் வாசலில் வேன் நிற்கும். என் அம்மா அந்த மாதங்களில் இட்லிக் கொப்பரையை அடுப்பைவிட்டு இறக்கியதாக எனக்கு ஞாபகமில்லை. திட்டிக்கொண்டேதான் அவிப்பாள். ஆனால் ஒரு வருஷம் யாரும் வரவில்லை என்றால் அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். சாரலுக்கு ஆள் வராத வீடெல்லாம் ஒரு வீடா என்பாள்.

பிற்பாடு நான் குடியிருந்த வீட்டுக்குச் சாரலுக்கு யாரும் வந்ததில்லை. அது அப்படிப்பட்ட வீடு.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாமரத்துக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகக் கிடந்து, நோய் அடங்கிய பிறகும் கூட்டிப்போக ஆள் வராத பெண்களுக்காக ஓர் அமைப்பு வாடகைக்குப் பிடித்த வீடு. வார்டும் இல்லை, வார்டனும் இல்லை. சமைப்பது, பெருக்குவது, மார்க்கெட்டுக்குப் போவது, குளியலறைக்கு யார் முதலில் என்று சண்டை போடுவது எல்லாம் நாங்களே. எங்களோடு ஒருத்தி தங்கியிருப்பாள். வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், யாருக்காவது மனசு புரண்டால் டாக்டரிடம் கூட்டிப்போவாள். மற்றபடி அவளும் எங்களோடு சேர்ந்து சண்டை போடுவாள்.

எங்கள் ஊரில் புத்தி பேதலிப்பதைக் கோட்டி என்பார்கள். செல்லத்துக்கும் அதே சொல்தான். பிள்ளை குறும்பு செய்தால் "ஏ கோட்டி" என்று கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுப்பார்கள். ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டைக் கோட்டிக்காரி வீடு என்று சொன்னபோது அதில் முத்தம் ஒன்றும் இல்லை. முதல் தடவை காதில் விழுந்தபோது நான் ஆட்டோவை நிறுத்தி இறங்கி, அந்த ஆளை ஒரு வழி பண்ணிவிட்டேன்.

"ஆமாலே, கோட்டிதான். எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்துருக்காரு. ஒனக்கு யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவன் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நோயால் வந்ததில்லை, முன்பே இருந்ததுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன், என் காதுக்குள் யாரோ பேசத் தொடங்கும்வரை. அதனால் வீட்டில் எனக்கு டீச்சர் என்று பெயர். மற்றவர்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் பெயரைச் சொல்லிச் சொல்லியே எல்லாருக்கும் அதன் மேல் சலிப்பு வந்திருந்தது. எப்போது பார்த்தாலும் வாசல் பெருக்குகிறவள் ராயகிரி. எங்களுக்கு மாத்திரை கொடுக்கிறவள் புளியறை. மலையாளம் கலந்த தமிழும் உரத்த பாட்டுமாக அந்த வீட்டை நிரப்பிக்கொண்டிருந்தவள் அவள். சமையல் யார் முறையாக இருந்தாலும் கடைசியில் கரண்டியைப் பிடுங்கிக்கொள்கிறவள் சிவகிரி.

சிவகிரிக்கு என்னைவிட வயது அதிகம். அவளிடம் ஒரு பை இருந்தது. ஜிப் வைத்த, நீலமும் பழுப்புமான பெரிய பை. வீட்டில் ஒரு இரும்புப் பீரோ உண்டு, ஆளுக்கு ஒரு தட்டு. அவள் தட்டு மட்டும் காலியாகவே கிடந்தது. துவைத்த சேலையை மடித்து நேராகப் பைக்குள் வைப்பாள். சீப்பும் உறை பிரிக்காத சோப்பும்கூட அதற்குள்தான். "தம்பி எப்ப வந்து நிப்பான்னு தெரியாதுல்லா. வந்ததும் கெளம்பணும். அவனுக்கு லீவு கெடைக்கதே கஷ்டம்" என்பாள். தம்பி போலீசில் இருந்தான். தாயில்லாப் பிள்ளை என்று இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாளாம்.

நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் பொங்கலுக்கு அவன் கூட்டிப்போக வருவதாகப் போனில் சொன்னான். அவள் விடியும் முன்னே குளித்து, தலை பின்னி, பையோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவன் வரவில்லை. மறுநாளும் உட்கார்ந்தாள். பிறகு மாத்திரையை வாயில் அதக்கி மாமரத்தடியில் துப்ப ஆரம்பித்தாள், சாப்பாட்டை ஒதுக்கினாள், எங்களையெல்லாம் வேறு யாரோ என்று நினைத்துப் பயந்தாள். மறுபடி ஆஸ்பத்திரிதான். அங்கேயிருந்து திரும்பி வரும்போது பாதி உடம்புதான் மிஞ்சியிருந்தது. பழையபடி கரண்டியைப் பிடுங்குவதற்கு எத்தனையோ நாளாயிற்று. இன்னொரு தடவை இப்படி விழுந்தால் எழுப்புவது சிரமம் என்று டாக்டர் எங்களிடமே சொன்னார். பை மட்டும் அப்படியே கட்டிலுக்கடியில் இருந்தது.

புளியறை மாதாமாதம் எல்லார் வீட்டுக்கும் போன் போடுவாள். "ஒங்க ஆளு சொகமா இருக்காங்க, வந்து பாத்துட்டுப் போங்க" என்பாள். அந்தப் பக்கம் உடனே சிக்னல் கிடைக்காமல் போய்விடும். ஒரு சாரலில் அவளுக்கு என்ன தோன்றியதோ, சிவகிரியின் தம்பி பெண்டாட்டிக்குப் போட்டு, நலம் விசாரிக்காமல், "இங்கன சாரல் அருமையா இருக்கு கேட்டோ. அஞ்சருவி, மெயினருவி எல்லாத்துலயும் தண்ணி. ஒங்க மதினி வீட்டுல ரூம் இருக்கு, சமையல் இருக்கு. பிள்ளைகளக் கூட்டிட்டு வாரியளா?" என்று கேட்டுவிட்டாள்.

சனிக்கிழமை வருகிறோம் என்று பதில் வந்தது.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அடுக்களையில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். "கூட்டிட்டுப் போகவா வாரான்? குளிக்க வாரான். பைய மாட்டிக்கிட்டு அவ நிப்பா, அந்தச் சவத்துப்பய தலையத் தொவட்டிக்கிட்டுப் போயிருவான். அப்புறம் அவள யாரு தூக்கி நிறுத்த?"

"எனக்கும் பயம்தான் டீச்சரே. ஆனா வந்தாத்தானே பாக்க முடியும். வராத ஆள எப்படிப் பாக்க?"

"அவகிட்டச் சொன்னியா, குளிக்கத்தான் வாரான்னு?"

"சொன்னேன். அவ காதுல விழல" என்றாள் புளியறை. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சிவகிரி கட்டில்மேல் பையை வைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உதறி, மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் வேன் வந்தது. தம்பி, அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், பெண்டாட்டி வழியில் ஒரு கூட்டம். எதிர்வீட்டு அண்ணாச்சி எங்கள் வாசலைப் பார்த்தால் வழக்கமாகக் கதவைச் சாத்திக்கொள்வார். அன்றைக்கு வெளியே வந்து, "என்ன, சாரலுக்கு விருந்தாளியா?" என்று என்னிடம் கேட்டார். "ஆமா அண்ணாச்சி, எங்க போனாலும் விடமாட்டேங்காங்க" என்று அம்மாவைப் போலவே சலித்துக்கொண்டேன். அப்படிச் சலித்துக்கொள்வதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தம்பி பெண்டாட்டி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். புளியறை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உச்சக்குரலில் பாடியபடி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். இவள் பிள்ளைகளை இழுத்துத் தன் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பிறகு, கஞ்சி போட்ட சேலையும் கண்ணாடியுமாக நின்ற என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "நீங்கதான் இங்கன பொறுப்பா? இவுகள எல்லாம் எப்படித்தான் சமாளிக்கியளோ. ராத்திரி பூட்டிருவியளா?" என்று கேட்டாள்.

"ஆமா, கொசு வந்துரும்லா" என்றேன். அவளைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. பாடுகிறவள்தான் பொறுப்பாளர் என்பதை அவளாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அருவிக்குப் போகுமுன் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும், அது முறை. சிவகிரி நல்லெண்ணெயைச் சுடவைத்து வந்து முற்றத்தில் மணையைப் போட்டாள். தம்பி தயங்கினான். இன்ஸ்பெக்டரோ என்னவோ, மீசையும் தொப்பையுமாக இருந்தான்.

"இங்கன வந்து உக்காருலே" என்றாள்.

வேனிலிருந்து இறங்கிய கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர்கள் யாரும் அவனை லே போட்டுப் பேசிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் போய் மணையில் உட்கார்ந்தான். பிள்ளைகளில் ஒருத்தி, "யாரும்மா இவங்க?" என்றாள். அந்த அம்மா மணையில் இருந்த புருஷனை ஒரு தடவை பார்த்தாள். "அத்தை" என்றாள்.

உச்சியில் எண்ணெயைத் தட்டித் தேய்க்கும்போது அவன் சொன்னான், "நீயும் வாக்கா, எல்லாரும் போய்க் குளிச்சிட்டு வருவோம்."

"நான் வரலடே. நீ அங்கன என்னப் புடிச்சு நிறுத்துனதே போதும்."

எனக்கு அந்தக் கதை தெரியும். கோட்டிக்கு மருந்து குற்றாலத் தண்ணீர் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அவளுக்கு நோய் வந்த புதிதில் தம்பியும் இன்னொரு சொந்தக்காரனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மெயினருவிக்கு நேர் கீழே அவளை நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அருவி என்றால் உயிர். அதற்குள் நின்றால் என் காதில் பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், அந்த இரைச்சலில் அவர்கள் பேச்சு எடுபடாது. வாரநாளில் கூட்டமில்லாதபோது நாங்கள் எல்லாரும் குளிக்கப் போவோம். சிவகிரி மட்டும் நனையாமல் எங்கள் மாற்றுத்துணியைக் காத்துக்கொண்டு கம்பியோரம் நிற்பாள்.

"எனக்கு மூச்சு முட்டுச்சு. விடு விடுன்னேன். நீ விடல" என்றாள். கை தேய்த்துக்கொண்டே இருந்தது. குரலில் கோபமும் இல்லை.

"தெளிஞ்சிரும்னு சொன்னாவக்கா. எல்லாரும் சொன்னாவ."

"தெரியும்லே. காதுக்குப் பின்னால எண்ணெய் படல, குனி."

வேன் கிளம்பியபோது அவன் போகவில்லை. எண்ணெய்த் தலையோடு அடுக்களை வாசலில் உட்கார்ந்து, அவள் போட்ட முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, இருக்கிற காய், கீரை எல்லாம் ஒரே பானையில் வெந்து, தேங்காய் அரைத்துக் கொட்டிய வாசம் தெருமுனைவரை போயிற்று. அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று இரண்டு தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் போனேன். கீரையில் காம்பு கிடக்கிறது என்று அவள் அவனை வைதுகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அருவியில் அடிவாங்கி வந்தவர்கள் பசி எப்படியிருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பானையை வழித்துக் கவிழ்த்தாயிற்று. ராயகிரிகூட விளக்குமாற்றை வைத்துவிட்டு அப்பளம் பரிமாறினாள். சாயங்காலம் ஐந்தருவி, பொழுது சாய்ந்து வந்ததும் தோசை. எல்லாரும் தின்றுகொண்டிருக்கும்போது புளியறை மாத்திரை டப்பாவோடு வந்து என் முன்னால் நின்றாள். "டீச்சரே, கை நீட்டு."

நீட்டினேன். தம்பி பெண்டாட்டியின் தோசை பாதி வழியில் நின்றுவிட்டது.

"என்ன, ஒங்களுக்கும் வேணுமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், புளியறையைப் பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவள் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் கேட்கும் என்றால் ஆண் குரலா பெண் குரலா என்று விசாரித்தாள். அது மாறி மாறி வரும், ஆனால் உங்கள் வீட்டுக்காரர் போல அதட்டாது என்று சொன்னேன். அவள்மேல் வைத்திருந்த கோபத்தை அந்த ராத்திரிக்குள் நான் தொலைத்துவிட்டேன், எங்கே வைத்தேன் என்று பிறகு தேடியும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த வீடு லாட்ஜாகிவிட்டது. வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் வேறு வீட்டுக்குப் போனார்கள். நான் தென்காசியில் தனியாக ஓர் அறை எடுத்து, டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். நன்றாக வந்துவிட்டாய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வந்தேன்தான். ஆனால் சாரல் விழுகிற நாளில், குளியலறைக் கதவை யாரும் தட்டாத அந்த அமைதி எனக்குப் பிடிப்பதில்லை. இப்போதும் மெயின் ரோட்டில் பஸ் திரும்புகிற இடத்தில் அந்த மாமரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

அந்த வேன் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, இன்னொரு தடவை குளித்துவிட்டு வந்து, மத்தியானம் கிளம்புவதாக ஏற்பாடு. சிவகிரி காலையிலேயே நல்ல சேலை கட்டியிருந்தாள். பை, அறை வாசலில் வந்து நின்றது. தம்பி தனியாக அகப்பட்டபோது கேட்டே விட்டேன்.

"கூட்டிட்டுப் போறதா இருந்தா போறேன்னு சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. போன தடவ மாதிரி நடுவுல விட்டுட்டுப் போவாதிய. அவ தாங்கமாட்டா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூமுதான். பகல்ல நாங்க யாருமே வீட்டுல இருக்க மாட்டோம். மாத்திரைய யாரு பாப்பா? எனக்கும் ஆசைதான் டீச்சர்."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லுதிய? அவகிட்டச் சொல்லுங்க."

போனான். அவள் நேந்திரங்காய் சிப்சையும் பலாச்சுளையையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். இவன் அவள் பக்கத்தில் போய் நின்றான். அக்கா என்றான். என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றான். திருடனை எல்லாம் அதட்டி உண்மையை வாங்குகிற வாய்க்கு இந்த ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு அவனைப் பார்க்க எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வேனில் எல்லாரும் ஏறத் தொடங்கினார்கள். தம்பி பெண்டாட்டி கொடியிலிருந்து அள்ளிய ஈரத்துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். சேலை, பாவாடை, டவுசர், துண்டு எல்லாம் சொட்டச் சொட்ட. குற்றாலத்துக்கு வந்தவர்கள் ஊருக்குக் கொண்டுபோகிற முதல் சாமான் அதுதான். வரும்போது மட்டும் யாருக்கும் அது ஞாபகம் வராது.

"மதினி, ஈரத்துணி போட ஒரு பை இருக்குமா?" என்று கேட்டாள்.

நான் உள்ளே ஓடினேன், ஒரு சாக்கையாவது எடுத்து வரலாம் என்று. புளியறை அதற்குள் அரிசிப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் கண் சிவகிரியின் பைமேல் விழுந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் ஒரே பயம்.

நாங்கள் திரும்பி வந்தபோது சிவகிரி அந்த ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தம்பி முகத்தைப் பார்த்தாள். வாசலில் இருந்த பையை அறைக்குள் எடுத்துப் போய், கட்டிலின் மேல் வைத்து ஜிப்பைத் திறந்து, தலைகீழாகப் பிடித்து உதறினாள். சேலைகள், துண்டு, சீப்பு, சோப்பு, ஊர்க்கோயில் திருநீற்றுப் பொட்டலம் எல்லாம் விழுந்தன. வெறும் பையை வெளியே கொண்டுவந்து, ஈரத்துணியை ஒவ்வொன்றாகப் பிழிந்து, அதற்குள் அடுக்கினாள்.

"போனதும் எடுத்துக் காயப்போட்டுரு தாயி. அப்படியே வச்சா நாறிரும்" என்று தம்பி பெண்டாட்டியிடம் சொன்னாள். பையைத் தூக்கித் தம்பி கையில் கொடுத்தாள்.

அவன் அதை வாங்கினான். அவனுக்கு அந்தப் பையைத் தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டபோது அவன் வாங்கிக் கொடுத்ததாம், அவள் பிறகு சொன்னாள். "அக்கா, பை..." என்றான்.

"அடுத்த சாரலுக்கு வருவேல்லா. அப்பக் கொண்டா" என்றாள். "ஒரு போன் போட்டுட்டு வா. இட்லிக்கு அரைக்கணும்."

வேன் திரும்பித் தெருமுனையில் மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டு அண்ணாச்சியும் நின்று பார்த்தார். நான் அவள் பக்கத்திலேயே நின்றேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. அவள் விழவில்லை. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நானும் புளியறையும் பின்னாலேயே போனோம்.

அவள் நேராகப் போய்ப் பீரோவைத் திறந்து தன் தட்டின் முன்னால் நின்றாள். காலியாகக் கிடக்கிறதே என்று நாங்கள் அதில் பழைய பேப்பரையும் வெங்காயத்தையும் போட்டு வைத்திருந்தோம். எல்லாவற்றையும் வாரித் தரையில் தள்ளினாள். கட்டிலில் கிடந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து உள்ளே வைத்தாள். சீப்பை ஓரத்தில் வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி டீச்சர், பாச்சா உருண்டை இருந்தா ரெண்டு குடு. சேலையப் பூச்சி அரிச்சிரும்" என்றாள்.